மௌக்லியிடம் எந்த வழியாகத் திரும்புவது: 1967 படமா, சோவியத் மௌக்லியா, 2016 படமா, கிப்ளிங்கின் நூலா?

சிறு வயதில் பார்த்த ‘தி ஜங்கிள் புக்’கை இப்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், தேடத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலேயே குழம்பிப் போகிறார்கள். ஒரே பெயரில் பல படங்கள் வந்து நிற்கின்றன. அவற்றுக்கெல்லாம் மூலமான, ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய நூலும் இருக்கிறது. எதை முதலில் காட்டுவது, எதைப் பெரியவர்கள் தனியாகப் பார்ப்பது, படத்துக்கு முன் நூலா நூலுக்கு முன் படமா என்று அண்மையில் என்னிடம் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களின் வீடுகள் வேறு வேறு, பிள்ளைகளின் வயதும் வேறு வேறு என்பதால் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘நான் ஜங்கிள் புக் பார்த்து வளர்ந்தவன்’ என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களில் பலர் உண்மையில் பார்த்தது டிஸ்னி படத்தை அல்ல. 1990களில் தூர்தர்ஷனில் இந்திக் குரலோடு வந்த ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரை. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் தலைப்புப் பாடலை, இந்தி தெரியாத வீடுகளிலும் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அந்தத் தொடர் 52 அத்தியாயங்கள் கொண்டது. அதை நினைத்துக்கொண்டு 1967 படத்தைப் போட்டால், ‘நான் பார்த்தது இது இல்லையே’ என்ற ஏமாற்றம் பத்தாம் நிமிடத்தில் வந்துவிடும். ஆகவே மனத்தில் இருப்பது எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

## எதைக்கொண்டு அளப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். அவை ஐந்தும் எனக்குச் சமமானவை அல்ல.

பார்க்கும் பிள்ளையின் வயதும் பயமும் முதலில் வருகின்றன, ஏனென்றால் ஒருமுறை பயந்து எழுந்துபோன பிள்ளையை அதே கதையிடம் திரும்ப அழைத்து வருவது மிகக் கடினம். அடுத்தது மொழி. பாடல் நிறைந்த படம் வேற்று மொழிக் குரலுக்குப் போகும்போது எவ்வளவு இழக்கிறது, துணைவரி படிக்கும் வயது பிள்ளைக்கு வந்துவிட்டதா என்பவை இதில் அடங்கும். மூன்றாவது நேரம், இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, நூலோடு அந்தப் படத்துக்கு உள்ள உறவு. நூலில் உள்ள சம்பவங்கள் திரையில் வந்தனவா என்று எண்ணிப் பார்ப்பதை நான் இங்கே சொல்லவில்லை. நூலை ஒரு நாள் படிக்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் படம் வாசலாக இருக்குமா, குறுக்குச் சுவராக இருக்குமா என்பதே என் கேள்வி. ஐந்தாவது, மௌக்லி காட்டைவிட்டுப் பிரியும் விதம். ஓநாய்கள் வளர்த்த மனிதப் பிள்ளை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதுதான் கதையின் அடிநாதம். ஒவ்வொரு வடிவமும் அதற்குச் சொல்லும் விடையைக்கொண்டே அதன் தரத்தை நான் முடிவுசெய்கிறேன். என் தீர்ப்பு ஏதாவது ஒரு பக்கம் சாய்வதாகத் தெரிந்தால், காரணம் இந்த ஐந்தாவது அளவுகோல்தான்.

| | டிஸ்னி, 1967 | சோவியத் ‘மௌக்லி’ | டிஸ்னி, 2016 | கிப்ளிங்கின் நூல்கள் |
|---|---|---|---|---|
| வெளிவந்தது | 1967 அக்டோபர் | 1967–1971 | 2016 ஏப்ரல் | 1894, 1895 |
| அளவு | 78 நிமிடம் | சுமார் 20 நிமிடம் வீதம் 5 பகுதிகள் | 106 நிமிடம் | மௌக்லி கதைகள் 8 |
| மலைப்பாம்பு கா | மயக்கி விழுங்க வரும் எதிரி | பெரிய துணை | ஒரே காட்சியில் வரும் எதிரி | பெரிய துணை |
| முடிவு | சிறுமியின் பின்னால் ஊருக்குள் போகிறான் | வளர்ந்து, மனிதரிடம் திரும்புகிறான் | காட்டிலேயே தங்குகிறான் | இருமுறை பிரிகிறான் |

## டிஸ்னியின் 1967 படம்

வால்ட் டிஸ்னி நேரடியாக மேற்பார்வையிட்ட கடைசி அனிமேஷன் முழுநீளப் படம் இது. 1966 டிசம்பர் 15 அன்று அவர் இறந்தார். படம் அடுத்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. இயக்கியவர் உல்ஃப்காங் ரைதர்மன். மௌக்லிக்குக் குரல் கொடுத்தது அவருடைய மகன் புரூஸ்.

இந்தப் படத்தை மறுபடி பார்க்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் இதன் கதையை அமைத்தவர் பில் பீட். அவர் நூலின் இருண்ட தொனியை ஓரளவு காப்பாற்ற முயன்றார். டெர்ரி கில்கிசன் அதற்கேற்பப் பாடல்களை எழுதினார். டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. பீட் 1964இல் நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். புதிய கதைக் குழுவினரிடம், நூலைப் படிக்கவே வேண்டாம் என்று டிஸ்னி சொன்னதாகக் குழுவினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பாடல்களும் மாற்றப்பட்டன, ஷெர்மன் சகோதரர்கள் புதிதாக எழுதினார்கள். கில்கிசனின் பாடல்களில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பியது: கரடி பாலூ ஆற்றங்கரையில் உடம்பைச் சொறிந்துகொண்டே பாடும் ‘தி பேர் நெசசிட்டீஸ்’. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் அதுதான்.

ஆகவே இந்தப் படம் நூலுக்குத் துரோகம் செய்துவிட்டது என்று குறைபட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. நூலைப் படமாக்க அவர்கள் உட்காரவே இல்லை. நூலின் பெயர்களை எடுத்துக்கொண்டு, குரல் கொடுக்க வந்த நடிகர்களின் சுபாவத்தைச் சுற்றிப் பாத்திரங்களை வளர்த்தார்கள். ஃபில் ஹாரிஸின் கரகரத்த, அவசரமே இல்லாத பேச்சிலிருந்து பாலூ பிறந்தான். ஜார்ஜ் சாண்டர்ஸின் மிடுக்கான, சலிப்புத் தொனிக்கும் குரலிலிருந்து ஷேர் கான் பிறந்தான். அவனை வரைந்த மில்ட் கால், அந்தக் குரலுக்கேற்ற உயர்த்திய மோவாயையும் நிதான நடையையும் கொடுத்தார். பாதிப் படம் கடந்த பிறகே திரைக்கு வரும் அந்தப் புலி பெரும்பாலும் கத்தி மிரட்டாமலேயே பயமுறுத்துகிறது. பெரியவர்கள் மறுபடி பார்க்கும்போது கவனிக்க வேண்டிய நடிப்பு அது.

இன்னொன்றையும் கண் வைத்துப் பார்க்கலாம். பாத்திரங்களின் உடலைச் சுற்றி ஓடும் கோடுகள் சில இடங்களில் பென்சில் கீறல்போலச் சொரசொரப்பாகத் தெரியும். 1961இல் வந்த ‘நூற்றொரு டால்மேஷன்கள்’ படம் முதலாக, ஓவியர்களின் பென்சில் கோட்டை மையால் மறுபடி வரையாமல் ஜெராக்ஸ் முறையில் நேராக ஒளிபுகும் செல்லுலாய்டுத் தகட்டுக்கு மாற்றும் வழக்கம் டிஸ்னியில் வந்திருந்தது. செலவு குறைந்ததோடு, வரைந்தவரின் கை அசைவும் அப்படியே திரைக்கு வந்தது. பாலூ மரத்தில் முதுகைத் தேய்க்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கோடுகள் மூச்சுவிடுவது தெரியும்.

இனி இந்தத் தேர்வின் மறைமுக விலை. என்னைப் பொறுத்தவரை அது மலைப்பாம்பு காவிடம் இருக்கிறது. படத்தில் அது கண்களைச் சுழற்றி மௌக்லியை மயக்கி விழுங்கப் பார்க்கும் பாம்பு. நூலில் நடப்பது நேர்மாறானது: குரங்குகள் மௌக்லியைத் தூக்கிச் சென்றபோது பாலூவும் கருஞ்சிறுத்தை பகீராவும் உதவி கேட்டுப் போவதே காவிடம்தான். இடிந்த நகரத்தின் நிலா வெளிச்சத்தில் கா நெளிந்து ஆடுகிறது. குரங்குகள் தாமாகவே அதன் வாயை நோக்கி அடியெடுத்து வைக்கின்றன. பாலூவும் பகீராவும்கூட மயங்கி ஓர் அடி முன்னால் போகிறார்கள். மயங்காமல் நிற்பது மௌக்லி ஒருவன் மட்டுமே, ஏனென்றால் அவன் மனிதன். அவன்தான் இருவரின் தோளிலும் கை வைத்து அவர்களைத் தன்னினைவுக்குக் கொண்டுவருகிறான். அவன் காட்டைச் சேர்ந்தவன் அல்லன் என்பதைக் கிப்ளிங் ஒரு வார்த்தைகூட விளக்காமல் காட்டிவிடும் இடம் அது. படத்தில் அந்தச் சிறுவனே மயங்கி விழுகிறான். அதோடு அந்த நுட்பம் முழுவதும் போய்விடுகிறது.

என் அக்கா மகனுக்கு ஆறு வயதில் இந்தப் படத்தைக் காட்டினேன். ஒன்பது வயதில் நூலை வாசித்துக் காட்டியபோது, மேலே சொன்ன இடத்துக்குச் சற்று முன்னால் அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்: “சித்தி, அது கெட்ட பாம்பாச்சே, அதுகிட்ட போய் எதுக்கு உதவி கேக்குறாங்க?” அந்த ஒரு கேள்வியைத் தீர்த்துவைக்க எங்களுக்கு இரண்டு இரவு ஆயிற்று. கடைசிவரை அவன் காவை முழுதாக நம்பவில்லை.

மற்றொரு விலையும் உண்டு. குரங்குகளின் அரசனாக வரும் லூயி நூலில் இல்லாத பாத்திரம். கிப்ளிங்கின் குரங்குகளுக்குத் தலைவனே கிடையாது. அதுதான் அவற்றின் இழிவு என்கிறது நூல். படம் அங்கே ஓர் ஒராங்குட்டானைக் கொண்டுவந்து வைத்தது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டுமே வாழும் விலங்கு மத்திய இந்தியக் காட்டில் ஜாஸ் பாடுகிறது. அதற்குக் குரல் கொடுத்த லூயி பிரிமா இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர். ஆயினும், ஜாஸ் இசையில் ‘மனிதனாக ஆசை’ என்று பாடும் குரங்கு, அமெரிக்கக் கறுப்பின மக்களை இழிவாகச் சித்திரித்த பழைய மரபின் எச்சம் என்ற விமரிசனம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பத்து வயதைக் கடந்த பிள்ளையோடு பார்ப்பவர்கள் இதைப் பற்றிப் பேசிவிடுவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

பிரியும் காட்சிக்கு வருவோம். ஊர் எல்லையில் ஒரு சிறுமி தண்ணீர் எடுக்க வருகிறாள், பாடுகிறாள், குடத்தை வேண்டுமென்றே நழுவவிடுகிறாள். மௌக்லி அதை எடுத்து, தண்ணீர் நிரப்பி, தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடக்கிறான். திரும்பிப் பார்த்து, ‘என்ன செய்ய’ என்பதுபோலத் தோளைக் குலுக்குகிறான். போய்விட்டான். 78 நிமிடம் காட்டைவிட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை ஒரு குடத்தின் பின்னால் போகிறான். சிறு பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பெரியவர்களுக்குச் சற்று அவசரமாகத் தோன்றும். எனக்கு ஒவ்வொரு முறையும் அவன் போன திசையைவிட, பின்னால் நிற்கும் கரடியின் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

இது பொருந்தும் இடம்: ஐந்து முதல் எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், ஒரே அமர்வில் பார்த்து முடிக்க நினைக்கும் வீடுகள், பழைய கையோவிய அனிமேஷனை ரசிக்க விரும்பும் பெரியவர்கள். ஆங்கிலம் ஓரளவு புரியுமானால் மூலக் குரலிலேயே பாருங்கள். பாத்திரங்கள் குரல்களிலிருந்து பிறந்தவை என்பதால், குரலை மாற்றினால் பாதிப் படம் போய்விடும்.

## சோவியத் ‘மௌக்லி’

டிஸ்னி படம் வந்த அதே 1967இல் மாஸ்கோவின் சோயூஸ்முல்த்ஃபில்ம் நிறுவனமும் இதே கதையைத் தொடங்கியது. ரோமன் தவிதோவ் இயக்கிய ஐந்து குறும்படங்கள் 1971 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. 1973இல் அவற்றை ஒன்றாக இணைத்து முழுநீளப் படமாகவும் வெளியிட்டார்கள். இசை சோஃபியா குபைதுலினா. இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான இசையமைப்பாளர்களில் ஒருவர் பிள்ளைகளுக்கான படத்துக்கு இசையமைத்திருக்கிறார் என்பது ஒன்றே இதைத் தேடிப் பார்க்கப் போதிய காரணம்.

இந்த வடிவத்தை நம்மில் பலர் அறியவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் கிப்ளிங்கின் நூலை ஆழமாகப் படித்துவிட்டுச் செய்த அனிமேஷன் இதுதான். தாய் ஓநாய்க்கு ரக்ஷா என்ற பெயரும் அதற்குரிய சீற்றமும் இங்கே இருக்கின்றன. கா வயதான, அறிவு முதிர்ந்த துணை. காட்டின் சட்டத்தைக் கற்பிக்கும் ஆசான் என்ற இடம் பாலூவுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. செந்நாய்களோடு நடக்கும் பெரும்போர் இருக்கிறது. டிஸ்னியின் இரண்டு படங்களிலும் அது கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மௌக்லி வளர்கிறான். குழந்தையாகத் தொடங்கி இளைஞனாக முடிகிறான். ஆகவே கடைசியில் அவன் காட்டைவிட்டுப் போகும்போது அதில் ஒரு வாழ்நாளின் கனம் சேர்ந்திருக்கிறது.

ஒரு பெரிய மாற்றமும் உண்டு: கருஞ்சிறுத்தை பகீரா இங்கே பெண். ரஷ்ய மொழிபெயர்ப்பில் அந்தப் பெயர் பெண்பாலாகவே நிலைத்துவிட்டது, படமும் அதையே பின்பற்றியது. முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் ல்யூத்மிலா கசாத்கினாவின் குழைந்த குரலில் அந்தச் சிறுத்தை உடலை நெளித்து நடப்பதைப் பார்த்த சில நிமிடங்களில் பழகிவிடும்.

விலை என்னவென்றால், இதற்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. ரஷ்ய மொழி, துணைவரியோடுதான் பார்க்க வேண்டும். 1990களில் சார்ல்டன் ஹெஸ்டன் கதை சொல்லும் ஆங்கில வடிவம் ஒன்றும் வந்தது, ஆனால் மூலத்தின் இறுக்கத்தை விரும்புகிறவர்களுக்கு நான் ரஷ்யக் குரலையே சொல்வேன். கூர்மையான கோணங்களும் அழுத்தமான நிறங்களும் கொண்ட ஓவியப் பாணி, டிஸ்னியின் உருண்டையான மென்மைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் கரடுமுரடாகத் தெரியும். மரணம் மறைக்கப்படுவதில்லை. சிரிக்க வைக்கும் பாட்டும் இல்லை.

இது பொருந்தும் இடம்: துணைவரியைத் தடுமாறாமல் படிக்கும் ஒன்பது, பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள், நூலைப் படித்துவிட்டு அதன் ஒத்திசைவான திரை வடிவத்தைத் தேடுகிறவர்கள். ஐந்து பகுதிகளாக இருப்பதால், இரவுக்கு ஒன்று என்று ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். அப்படிப் பார்ப்பதே சிறப்பு.

## டிஸ்னியின் 2016 படம்

ஜான் ஃபேவ்ரோ இயக்கிய இந்தப் படத்தை ‘உயிருள்ள நடிகர்கள் நடித்தது’ என்று வகைப்படுத்துவது பாதி உண்மைதான். நீல் சேத்தி என்ற சிறுவனைத் தவிர, ஏறக்குறைய நாம் காண்பது அத்தனையும் கணினியில் உருவானவை. மரம், மழை, சேறு எல்லாமே லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அரங்கத்துக்குள் பிறந்தன. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தது. இந்தியாவில் ஏப்ரல் 8 அன்று, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெளிவந்தது. தமிழ்க் குரலோடும் திரையிடப்பட்டது.

நூலிலிருந்து இது எடுத்துக்கொண்டவை 1967 படத்தைவிட அதிகம். வறட்சியில் ஆறு வற்றி, நடுவிலிருக்கும் பாறை வெளியே தெரிந்ததும், வேட்டையாடும் விலங்கும் வேட்டையாகும் விலங்கும் ஒரே நீரில் பகையின்றிக் குடிக்கும் ‘நீர் உடன்படிக்கை’ இரண்டாம் நூலில் இருந்து வந்தது. அந்தக் காட்சி மிக அழகாக அமைந்திருக்கிறது. ஆனால் அதே படம் 1967இன் பாட்டுகளையும் விட மனமில்லாமல் வைத்துக்கொள்கிறது. லூயி மறுபடி வருகிறது. இந்தியாவில் ஒராங்குட்டான் கிடையாதே என்ற குறையைத் தீர்க்க, அற்றுப்போன ராட்சதக் குரங்கினமாக அதை மாற்றியிருக்கிறார்கள். கவனமாகச் செய்த திருத்தம்தான். எனினும் பயமுறுத்த வந்த அந்த மலையளவு குரங்கு திடீரெனப் பாடத் தொடங்கும்போது படம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது.

முடிவில் மௌக்லி காட்டிலேயே தங்கிவிடுகிறான். மனிதனுக்குரிய கருவிகளையும் தந்திரங்களையும் வைத்துக்கொண்டே ஓநாய்களோடு வாழலாம் என்கிறது படம். இன்றைய பார்வையாளருக்கு இது இதமான விடை. ஆனால் கதையின் வலியே அந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பதில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரு நல்ல சாகசம்.

பயத்தைப் பற்றி ஒரு செய்தி: நம் தணிக்கை வாரியம் இதற்கு ‘யு/ஏ’ சான்றிதழ் கொடுத்தபோது பலர் கேலி செய்தார்கள். ஆனால் ஷேர் கான் பாயும் காட்சியில் பக்கத்து இருக்கைப் பிள்ளை அம்மாவின் துப்பட்டாவை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டதைத் திரையரங்கில் நானே பார்த்தேன். அந்தத் தணிக்கை முடிவை என்னால் முற்றிலும் குறைசொல்ல முடியவில்லை. கையால் வரைந்த புலியைப் ‘படம்’ என்று பிள்ளை அறியும். மயிரிழை மயிரிழையாக உண்மைபோல் அசையும் புலியிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இது பொருந்தும் இடம்: தமிழ்க் குரலில் பார்க்க வேண்டிய வீடுகள், பழைய அனிமேஷனைப் பொறுமையாகப் பார்க்காத பத்து, பன்னிரண்டு வயதினர், தாத்தா பாட்டி உட்பட மூன்று தலைமுறை ஒன்றாக அமரும் விடுமுறை நாள். ஓடிடியில் மொழித் தேர்வுகள் அவ்வப்போது மாறுவதால், எல்லாரையும் உட்கார வைப்பதற்கு முன்பே தமிழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

## கிப்ளிங்கின் இரண்டு நூல்கள்

பம்பாயில் 1865இல் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், மௌக்லி கதைகளின் பெரும்பகுதியை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பனியில் இருந்துகொண்டு எழுதினார். கதை நடக்கும் சிவனி மலைகள் இன்றைய மத்தியப் பிரதேசத்தில், பெஞ்ச் புலிகள் காப்பகம் இருக்கும் பகுதியில் உள்ளன. மௌக்லி நீந்தும் வைன்கங்கை இன்றும் அந்தப் பெயரிலேயே ஓடுகிறது. ஐந்து வயதில் பெற்றோர் கிப்ளிங்கையும் தங்கையையும் இங்கிலாந்தில் அந்நியர் வீட்டில் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார்கள். ஆறு ஆண்டு அங்கே அவர் துன்பப்பட்டார். இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் பிள்ளையை இவ்வளவு உள்ளிருந்து எழுத அவரால் எப்படி முடிந்தது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை நூல் திகைக்க வைக்கும். பாலூ இங்கே பாடம் சொல்லும்போது மௌக்லியை அடிக்கும் வாத்தியார். பிள்ளையின் முகம் கன்றியிருக்கிறதே என்று பகீராதான் சண்டைக்கு வருகிறது. அந்தப் பகீராவின் மோவாய்க்குக் கீழே, மயிரில்லாத ஒரு சிறு தடம் உண்டு. அது உதய்ப்பூர் அரசனின் கூண்டில் பிறந்து, கழுத்துப் பட்டை அணிந்து வளர்ந்து, பூட்டை உடைத்து வெளியேறிய சிறுத்தை; மனிதரை அறிந்ததால்தான் காட்டில் அதற்கு அத்தனை மதிப்பு. ஷேர் கான் சாவது நெருப்பால் அல்ல: மௌக்லி எருமை மந்தையை இரண்டாகப் பிரித்து, ஓடையின் இரு முனைகளிலிருந்தும் விரட்டி, புலியை நடுவில் மிதிபட வைக்கிறான். பிறகு அதன் தோலை உரிக்க உட்காருகிறான். நூறு ரூபாய் வெகுமதிக்காக அந்தத் தோலைப் பறிக்க வருகிறான் ஊர் வேட்டைக்காரன் புல்தேவ். அன்றே ஊரார் மௌக்லியைச் சூனியக்காரன் என்று கல்லெறிந்து துரத்துகிறார்கள். ஓநாய்க் கூட்டம் முன்பே துரத்தியிருந்தது. இரண்டு பக்கமும் வெளியேற்றிய பிள்ளை, அது முதல் தனக்கென்று ஒரு வழியில் வேட்டையாடப் போகிறான்.

கடைசிக் கதையில் அவனுக்கு ஏறக்குறைய பதினேழு வயது. யாரும் துரத்தவில்லை, இளவேனில் வருகிறது, காரணம் தெரியாமல் மனம் அமைதி இழக்கிறது. ஒரு காலத்தில் தன்னை மகனாக ஏற்ற மெஸ்ஸுவாவின் குடிசைக்கு இரவில் போகிறான்; அவள் சூடான பால் தருகிறாள். முதல் கதையில் அவனை ஓநாய்க் கூட்டத்தில் சேர்க்கப் பகீரா ஒரு காளையை விலையாகக் கொடுத்தது. கடைசிக் கதையில் இன்னொரு காளையைக் கொன்றுவிட்டு வந்து, கடன் தீர்ந்தது, நீ போகலாம் என்கிறது. கண் மங்கிய கிழட்டுப் பாலூவும் அங்கே இருக்கிறது. இந்தப் பக்கங்களை எந்தப் படமும் இதுவரை முழுதாகத் தொடவில்லை.

நூலின் விலைகளையும் மறைக்கக் கூடாது. இரு நூல்களிலும் சேர்த்துப் பதினைந்து கதைகள். எட்டில் மட்டுமே மௌக்லி வருகிறான். சுருக்கப் பதிப்புகளில் பலவும் முதல் நூலின் மூன்றோடு நின்றுவிடுவதால், வாங்கும்போது உள்ளடக்கத்தைப் பார்த்து எட்டும் இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். கிப்ளிங்கின் ஆங்கிலத்தில் விலங்குகள் பழைய விவிலிய நடையில் பேசுகின்றன. பதின்ம வயதினருக்குக்கூட முதல் சில பக்கங்கள் கடினமாக இருக்கும். குரங்குகள் தூக்கிச் செல்லும் கதையை வாசித்துக்காட்ட ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

இதைவிடப் பெரிய விலை கதையின் அரசியலில் இருக்கிறது. ஊர்மக்கள் மூடர்களாகவும் பேராசைக்காரர்களாகவும் வருகிறார்கள். மெஸ்ஸுவாவும் கணவனும் நீதி தேடித் தப்பி ஓடுவது ஆங்கிலேயர் இருக்கும் ஊருக்கு. சட்டத்துக்குக் கீழ்ப்படிதலே மேன்மை என்று கதை திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அந்தச் சட்டத்தை யார் யாருக்காக எழுதினார்கள் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். பேரரசின் மீது கிப்ளிங் கொண்ட பற்று இந்த நூலுக்கு வெளியே நிற்கவில்லை. ஆயினும் இந்த நூலை ஒதுக்கிவைக்க நான் சொல்ல மாட்டேன். பிள்ளையோடு வாசிக்கும்போது அந்த இடங்களில் நின்று பேச வேண்டும் என்பேன்.

இது பொருந்தும் இடம்: கதையை முழுமையாக அறிய விரும்பும் பெரியவர்கள், எல்லா நிலையிலும். பிள்ளைகளுக்கு என்றால், பெரியவர் ஒருவர் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக்காட்டத் தயாராக இருக்கும் வீடுகள்.

## மற்றவை

ஆண்டி செர்கிஸின் 2018 படம் நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. நூலின் இருளை மீட்க முயன்று, அதைத் தாண்டியே போய்விட்டது. ஓநாய்க் குட்டி ஒன்றுக்கு அதில் நேர்வதைச் சிறு பிள்ளைகள் பார்க்கக் கூடாது. மைசூர்ப் பகுதி யானைப்பாகனின் மகனான சாபு நடித்த 1942 படம் வரலாற்று ஆர்வத்துக்குப் பார்க்கலாம், ஆனால் அது அனிமேஷன் அல்ல. ஜப்பானியத் தொடரை முழுதாகப் பார்க்க ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகும். நினைவுக்காகத் திரும்புகிறவர்களுக்கு முதல் ஐந்தாறு அத்தியாயங்கள் போதும்.

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்கு எட்டு வயதுக்குள் என்றால் தயங்காமல் 1967 படத்திலிருந்து தொடங்குங்கள். காவைப் பற்றிய குழப்பம் பின்னால் வரத்தான் செய்யும். ஆனால் ஆறு வயதில் பாலூவோடு சேர்ந்து ஆடிய நினைவுக்கு அது பெரிய விலையல்ல. ‘இது படக்காரர்கள் மாற்றிச் சொன்ன கதை, உண்மைக் கதையில் அந்தப் பாம்பு நல்லது’ என்று படம் முடிந்ததும் ஒரு வரி சொல்லிவைத்தால் போதும். நான் அதைச் சொல்லத் தவறினேன்.

ஒன்பது வயதைக் கடந்து, இதுவரை எதையுமே பார்க்காத பிள்ளை என்றால் வரிசையை மாற்றலாம். முதல் நூலின் மூன்று கதைகளை வாசித்துக்காட்டிவிட்டு, சோவியத் படத்தை ஐந்து இரவுகளில் பாருங்கள். டிஸ்னி படங்களைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். வாசிக்க நேரமில்லை, தமிழ் தவிர வேறு மொழி வீட்டில் எல்லாருக்கும் புரியாது என்றால் 2016 படமே நடைமுறைக்கு உகந்தது. அதில் நீர் உடன்படிக்கைக் காட்சி வரும்போது மட்டும், இது நூலில் உள்ளது என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் இல்லாமல் தனக்காகவே திரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. 1967 படத்தை முதலில் பாருங்கள், அதே வாரத்தில் இரண்டாம் நூலின் கடைசிக் கதையைப் படியுங்கள். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தோளைக் குலுக்கிய சிறுவனையும், பாலைக் குடித்துவிட்டு அந்தக் குடிசையில் உறங்கிப்போன இளைஞனையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நூலை வாசித்துக்காட்ட முடிவெடுத்தவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் பாக்கி. செந்நாய்கள் படையெடுத்து வரும் கதையை, பிள்ளைக்குப் படிக்கும் முன் ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள். தேனீப் பாறையிலிருந்து மௌக்லி ஆற்றில் குதிப்பதும், அங்கே கா அவனைத் தாங்கிக்கொள்வதும் பிள்ளைகளைத் துள்ள வைக்கும். அந்த உற்சாகத்திலேயே வேகமாகப் படித்துக்கொண்டு போவோம். போர் முடிந்ததும் கிழ ஓநாய் அகேலா, தான் ஒரு காலத்தில் கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட அந்த மனிதப் பிள்ளையின் கையில் சாய்ந்து, உன் இனத்தாரிடம் போ என்று சொல்லி இறக்கிறது. அது வருவது எனக்குத் தெரியாது. அன்றிரவு அந்தப் பக்கத்தை என்னால் உரக்கப் படிக்க முடியவில்லை. புத்தகத்தை அக்கா மகனே என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக்கூட்டி, மிச்சத்தை வாசித்தான்.